மூலம் எது, கிளை எது: புஜ்ஜி வழக்கை எல்லைப்புறத்திலிருந்து வாசித்தல்

ஆறு டன் எடையும் மூன்று சக்கரங்களும் கொண்ட ஒரு வாகனத்துக்கு வாழ்க்கை வரலாறு தேவையா? இந்தக் கேள்வியில்தான் வழக்கு தொடங்கியது. நாக் அஸ்வின் இயக்கிய ‘கல்கி 2898 ஏடி’ திரைப்படத்தில் பிரபாஸ் ஏற்ற பைரவன் ஓட்டும் வாகனத்தின் பெயர் புஜ்ஜி. படம் 2024 ஜூன் 27 அன்று திரைக்கு வந்தது. அதற்கு நான்கு வாரங்கள் முன்னதாக, மே 31 அன்று, ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்ற அனிமேஷன் தொடர் அமேசான் பிரைமில் வெளியானது. ‘சோட்டா பீம்’ தொடரை உருவாக்கிய கிரீன் கோல்டு நிறுவனமே இதையும் உருவாக்கியது. வாகனமும் ஓட்டுநரும் எவ்வாறு சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லும் சிறிய முன்கதை அது. அளவில் சிறியதாயினும் அது கிளப்பிய பூசல் சிறியதன்று. இத்தொடர் கல்கியின் கதையுலகில் சேருமா, சேராதா?

ரசிகர்கள் மூன்று அணிகளாக நின்றார்கள். முதல் அணி ‘சேராது’ என்றது. குருக்ஷேத்திரத்தில் தொடங்கி ஆறாயிரம் ஆண்டுகள் கடந்து நிகழும் ஒரு பெருங்கதைக்குக் குழந்தைகளின் சித்திரப்படம் இழுக்கு என்பது அவர்கள் வாதம். இரண்டாம் அணி ‘சேரும்’ என்றது. இயக்குநரும் தயாரிப்பு நிறுவனமும் முத்திரை இட்டுவிட்டதால் அது கதையின் பகுதியே. அதைப் பார்க்காமல் படத்தைப் பற்றிப் பேசுவது அரைகுறை என்று அவர்கள் சொன்னார்கள். மூன்றாம் அணி இரண்டையும் கடந்து மொழியில் வந்து நின்றது. தெலுங்கில் பார்த்தவரே உண்மையாகப் பார்த்தவர். தமிழிலும் மலையாளத்திலும் கேட்டவர்கள் நகலைக் கேட்டவர்கள் என்று அது தீர்ப்பளித்தது. இம்மூன்று அணிகளையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு நகர்ந்த நான்காம் தரப்பும் உண்டு. அது கல்விப்புலம்.

மூன்று அணிகளும் தமக்குள் எவ்வளவு பகைத்தாலும் அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் ஒன்றே. ஒரு கதையின் மதிப்பை அதன் பிறப்புச் சான்றிதழ் தீர்மானிக்கிறது என்பதே அந்த அளவுகோல். யார் பெற்றார், யார் ஒப்பமிட்டார், எந்த மொழியில் முதலில் பேசிற்று என்பவை மட்டுமே அவர்களுக்குச் சான்றுகள். இந்த அளவுகோல் பிழையானது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையோரம் வாழும் தமிழருக்கு அது பிழையானது மட்டுமன்று, தீங்கானதும்கூட.

அளவுகோலின் வரலாற்றை முதலில் பார்க்கலாம். ரசிகர்கள் இவ்விடத்தில் ‘கேனன்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கிரேக்கத்தில் அளவுகோலைக் குறித்த இச்சொல், எந்த நூல்கள் மறைநூலில் சேரும், எவை சேரா என்று திருச்சபை பிரித்தபோது அத்தொகையின் பெயராயிற்று. கதைமாந்தர் உலகுக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் ரொனால்ட் நாக்ஸ். 1911இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை மறைநூல் ஆய்வாளரின் தோரணையில், பாதி கேலியாக, அவர் ஆராய்ந்தார். அந்தக் கேலி பின்னர் சட்டமாயிற்று. டிஸ்னி நிறுவனம் 2012இல் லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரலில், பல்லாண்டுகளாக வெளிவந்திருந்த ‘ஸ்டார் வார்ஸ்’ நாவல்களும் சித்திரக்கதைகளும் இனி ‘லெஜண்ட்ஸ்’, அதாவது கதையுலகில் உண்மையாக நடந்தவை அல்ல என்ற அறிவிப்பு வந்தது. டிமோத்தி ஸான் 1991இல் படைத்த திரான் என்ற படைத்தலைவனும் அவ்வாறே ஒரே நாளில் இல்லாதவனானான். 2016இல் ‘ரெபெல்ஸ்’ தொடரில் அவன் மீண்டும் இருப்பவனானான். 2023இல் ‘அசோகா’ தொடரில் நடிகரின் உடலோடு வந்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நாவலை வாசித்தவரின் அனுபவத்தில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. மாறியது உரிமையாளரின் கணக்கேடு மட்டுமே. ஊதியமின்றி அக்கணக்கேட்டைத் தூக்கிச் சுமக்கும் கணக்குப்பிள்ளைகளாக ரசிகர்கள் தாமே முன்வந்தார்கள் என்பதே இங்கே கவலைக்குரியது.

‘கல்கி’யின் வழக்கில் இந்த அளவுகோல் முதல் அடியிலேயே முறிந்துவிடுகிறது. மூலம் என்று போற்றப்படும் அப்படமே ஒரு கிளை. சாபம் சுமந்து சாகாமல் அலையும் அசுவத்தாமன் மகாபாரதத்திலிருந்து இறங்கி வந்தவன். பைரவன் யார் என்பதற்கு அப்படம் தரும் விடையும் பாரதத்திலேயே இருக்கிறது. வியாசரிடம் ஒப்பம் வாங்காத ஒரு கதை, தன்னிடம் ஒப்பம் வாங்கிய கதையைத் தாழ்வு என்று சொல்லுமாயின், தாழ்வு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. ‘சேராது’ என்ற அணி தன் தீர்ப்பை ஒரு படி மேலே செலுத்திப் பார்த்தால், அது காக்க விரும்பும் படமே தள்ளுபடியாகிவிடும்.

தமிழில் இவ்வழக்குக்குப் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கோவலன் கதையில் பக்கத்தில் நின்றவள் மாதவி. அவள் மகள் அதனினும் ஓரத்தில் நின்றவள். அந்த மகளை நடுவில் நிறுத்தி ஒரு முழுக் காப்பியம் எழுந்தது. வான்வழிச் செல்லவும், வேற்றுருக் கொள்ளவும், பசியைத் தாங்கவும் மந்திரங்கள் பெற்ற ஒரு பெண், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்றை ஏந்திக்கொண்டு பசித்தவர்களைத் தேடிப் போகிறாள். இன்றைய வகைப்பாட்டில் மணிமேகலையைக் கிளைத்தொடர் என்றே சொல்லவேண்டும். இரு நூல்களின் பதிகங்களும் சொல்லும் செய்தி கவனத்துக்குரியது. சிலம்பின் கதையை இளங்கோவுக்குச் சாத்தன் எடுத்துரைத்தார்; மணிமேகலையைச் சாத்தன் உரைக்க இளங்கோ கேட்டார். ஒருவர் மற்றவருக்கு உரிமம் வழங்கியதாக எங்கும் இல்லை. ஒருவர் சொன்னார், மற்றவர் செவிகொடுத்தார். இரட்டைக் காப்பியங்கள் என்ற பெயர் பின்வந்தோர் சூட்டியது. அப்பெயரிலும் மூலம், கிளை என்ற ஏற்றத்தாழ்வு இல்லை.

தமிழிலும் பட்டியல்கள் உண்டே, ஐம்பெருங்காப்பியம் என்று எண்ணி வைக்கவில்லையா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அப்பட்டியலில் வளையாபதியும் குண்டலகேசியும் இடம்பெற்றன. இன்று அவற்றில் எஞ்சியிருப்பவை உதிரிப் பாடல்கள் மட்டுமே. பட்டியலில் இடம் இருந்தும் நூல் பிழைக்கவில்லை. ஒரு கதையைப் பிழைக்க வைப்பவர்கள் அதை மீண்டும் சொல்பவர்களும் படியெடுப்பவர்களும் கேட்பவர்களும்தான். எந்தப் பட்டியலாலும் அவர்கள் வேலையைச் செய்ய முடியாது.

இதற்குச் சான்று வேண்டுவோர் பாலக்காட்டுக்கு வரலாம். புஜ்ஜி வாகனம் உருப்பெற்ற இடங்களுள் ஒன்று கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். மகிந்திரா நிறுவனத்தோடு சேர்ந்து அது அவ்வாகனத்தை உருவாக்கியது. அங்கிருந்து மேற்கே வந்து வாளையாற்றைக் கடந்தால் பாலக்காடு. அம்மாவட்டத்தின் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்ற நீண்ட மேடை இருக்கும். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் விளக்கேற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலை வீழ்த்தி, இரவெல்லாம் இராமகதை நடத்துவார்கள். அதுவே தோல்பாவைக் கூத்து. பாடப்படுபவை பெரும்பாலும் கம்பனின் விருத்தங்கள். பாடுபவர்களைப் ‘புலவர்’ என்றே அழைக்கிறார்கள். அவர்கள் வீட்டுமொழி மலையாளம். கேட்பவர்களின் மொழியும் மலையாளம். பாட்டு தமிழ், விளக்கவுரை இரண்டும் கலந்தது.

இக்கூத்து ஏன் பிறந்தது என்பதற்கு வழங்கும் கதை, ரசிகர்களின் வழக்கையே தலைகீழாக்குகிறது. இராவணனை இராமன் வென்றபோது பத்ரகாளி தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். எனவே இலங்கைப் போரை அவள் பார்க்கவில்லை. பார்க்காத அவளுக்காக அப்போரை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுவதே கூத்து. பார்வையாளர் ஒருவரும் இல்லாத இரவுகளிலும் அது நடப்பது இதனால்தான். மூலத்தைத் தவறவிட்டவர் தாழ்ந்தவர் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை, தவறவிட்டவள் தெய்வம். அவளுக்குக் கிடைப்பது நகல் என்று எந்தப் புலவரும் சொல்லமாட்டார். வால்மீகியிலிருந்து கம்பனுக்கும், கம்பனிலிருந்து கூத்துமாடத்துக்கும் கதை கைமாறியிருக்கிறது. இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் தன் காப்பியத்தில் விரித்துப் பாடியபோது அது கதையுலகில் சேருமா என்று கேட்டு எவரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. பாலக்காட்டு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் இன்று இப்பாவைகளை இயந்திரக் கைகள் ஆட்டிக் காட்டவும் செய்கின்றன. அறிவியல் புனைவும் இராமகதையும் ஒரே திரையில் சந்திப்பதை இந்த மண் வியப்பாகக் கருதவில்லை.

இடுக்கியிலும் இதே நியாயம் செல்லுபடியாகிறது. மதுரையை எரித்த கண்ணகி மேற்குமலை ஏறினாள். குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கோயில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிருவாகங்களும் சேர்ந்தே அவ்விழாவை நடத்துகின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் வருபவர்களும் பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுபவர்களும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். கோயில் எந்த மாநிலத்துக்கு உரியது என்ற வழக்கு நெடுங்காலமாக இருக்கிறது. கண்ணகி யாருக்கு உரியவள் என்ற வழக்கு அந்த வாசலில் எழுவதில்லை. அதே மாவட்டத்தில் வாழும் மன்னான் பழங்குடியினர் தம் கூத்தில் கோவலன், கண்ணகி கதையைப் பாடிவருகிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அச்சுநூலை நம்பி அந்தக் கூத்து நிற்கவில்லை. அப்படியானால் மன்னான் கூத்து சிலம்பின் கிளையா, சிலம்பு மலையில் வழங்கிய கதைகளின் கிளையா? காப்பியத்திலேயே மலைக்குறவர்கள் தாம் கண்டதைச் சேரனிடம் சொன்ன பிறகுதான் கண்ணகியின் முடிவு நாட்டுக்குத் தெரியவருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விடை சொல்லலாம்.

இனி மூன்றாம் அணியின் மொழி வழக்குக்கு வரலாம். இதுவே மூன்றிலும் கடுமையானது. புஜ்ஜிக்குக் குரல் கொடுத்தவர் கீர்த்தி சுரேஷ். அவருடைய தந்தை மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர். தாய் மேனகா, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மலையாளத் திரையில் புகழ்பெற்றவர். தெலுங்கே மூலக்குரல் என்று வாதிடுவோர் அக்குரலின் வீட்டை எட்டிப் பார்த்திருக்கலாம். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. நடிகர் பேசும் படத்தில் உதட்டசைவு ஒரு மொழிக்கு உரியது என்று வாதிடலாம். சித்திரத்துக்கு உதடு வரையப்படுகிறது. குரல் எம்மொழியிலும் வெளியிலிருந்தே வந்து சேர்கிறது. புஜ்ஜியோ வாகனம். வாயே இல்லாத ஒன்றுக்கு எது தாய்மொழி?

அதன் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக் குறியீடாக அது பியு-ஜேஇசட்-1. அதைக் கூட்டி வாசித்தால் தெலுங்கில் குழந்தையைக் கொஞ்சும் சொல் ‘புஜ்ஜி’ கிடைக்கிறது. தமிழிலும் இளையோர் பேச்சில் அது செல்லச்சொல்லாகவே வழங்குகிறது. குறியீட்டை இட்டது உற்பத்தியாளர். செல்லப்பெயரை வழங்கியது கூட வாழ்பவர். எந்தப் பெயரால் அழைத்தால் அது திரும்பிப் பார்க்கும் என்பதில் ரசிகர்களுக்கு ஐயம் இருக்க முடியாது. ஆனால் விவாதத்துக்கு வந்தவுடன் அவர்கள் குறியீட்டின் பக்கம் போய் நின்றுகொள்கிறார்கள்.

எல்லைப்புறத்தில் இந்த மூலவாதம் ஏன் தீங்கானது என்பதை இப்போது சொல்லலாம். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர் போராடினர். அவை கேரளத்திலேயே நின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களின் தமிழர் அன்றுமுதல் இரு பக்கமும் கிளையாகவே எண்ணப்படுகிறார்கள். கேரளத்தில் அவர்கள் மொழிச் சிறுபான்மையினர். தமிழ்நாட்டின் கருத்தரங்குகளில் அவர்கள் பேச்சு ‘கலப்பு வழக்கு’. தூய மூலம் எங்கோ கிழக்கே இருக்கிறது, இங்கே இருப்பது அதன் நீர்த்த வடிவம் என்ற எண்ணம் பாடநூல் வழியாகவும் நேர்காணல் அறைகள் வழியாகவும் அவர்களுக்கு ஊட்டப்படுகிறது. மொழியியலில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வழக்குகள் உடன்பிறந்தவை, ஒன்று மற்றொன்றின் சிதைவு அன்று. எழுத்துத் தமிழும் வழக்குகளிலிருந்து தெரிந்தெடுத்து நிலைநிறுத்தப்பட்ட ஒன்றே.

இவ்வாறு ஊட்டப்பட்ட ஓர் இளைஞர் தொடரைத் தமிழில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மலையாளக் குரலும் கிடைக்கிறது, தெலுங்கும் கிடைக்கிறது. பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ் சுருங்கிவரும் ஊரில், எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கதையைத் தமிழில் கேட்க அவர் எடுக்கும் முடிவு அற்பமானதன்று. கடந்த காலத்தைப் பேசும் மொழியாக மட்டும் தமிழை அவருக்கு விட்டுவைத்திருக்கும் சூழலில், 2898ஆம் ஆண்டிலும் தமிழ் பேசப்படும் என்று அத்தொடர் சொல்லாமல் சொல்கிறது. அவரைப் பார்த்து ‘நீ கேட்டது நகல்’ என்று சொல்லும் ரசிகர், அவருடைய ஆசிரியரும் அதிகாரியும் ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்.

இவ்வளவு சொன்னதனால் எல்லாக் கிளைத்தொடர்களும் நல்லவை என்று ஆகிவிடாது. ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ விளம்பர நோக்கத்தோடு வந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. படத்துக்கு நான்கு வாரம் முன்னர் வெளியிடுவதற்கு வேறு பொருள் கிடையாது. ஆனால் விளம்பரமாகப் பிறந்த குற்றத்துக்காக ஒரு கதையைத் தள்ளுவதும், முத்திரை பெற்ற பெருமைக்காக ஏற்பதும் ஒரே பிறப்புச் சான்றிதழைத்தான் நோக்குகின்றன. கிளைக்கதையிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பெருங்கதை கேட்க மறந்த எதை இது கேட்கிறது? மணிமேகலை நின்றது இக்கேள்விக்கு விடை வைத்திருந்ததால்தான். சிலம்பு நீதியைப் பற்றிக் கேட்டது. மணிமேகலை பசியைப் பற்றிக் கேட்டது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் புஜ்ஜியின் கதையில் ரசிகர்கள் பேசாமல் விட்ட ஒன்று தெரியும். காசி நகரத்தின் தலைக்கு மேலே காம்ப்ளெக்ஸ் என்ற கவிழ்ந்த கோபுரம் மிதக்கிறது. கீழே உள்ள வளமெல்லாம் மேலே உறிஞ்சப்படுகிறது. போதிய யூனிட்டுகள் சேர்த்தவர் மேலே போகலாம். பைரவனின் வாழ்நாள் கனவு அதுவே. புஜ்ஜியோ மேலே உழைத்து, பயன் தீர்ந்தது என்று கழிக்கப்பட்டுக் கீழே வந்து சேர்ந்த ஓர் அறிவு. ஒருவன் மேலே போகத் துடிக்கிறான். மற்றொன்று மேலே என்ன நடக்கிறது என்று அறிந்து வந்திருக்கிறது. அப்படியிருந்தும் மேலேயே திரும்ப ஏன் ஏங்கவேண்டும்? படம் தெய்வங்களையும் அவதாரங்களையும் நோக்கி விரைந்துவிட்டதால் இக்கேள்வியில் நிற்கவில்லை. தொடர் இதைத் தொட்டது. நகைச்சுவைக்கும் துரத்தலுக்கும் இடையே நழுவவும் விட்டது. தொடரின் உண்மையான குறை இதுதான். சித்திரப்படமாக இருப்பது குறை அன்று.

மூணாற்றில் இக்கேள்வி புனைவாகத் தோன்றாது. தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தெருவில் அமர்ந்தார்கள்; தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொன்னார்கள். அவர்கள் இயக்கத்துக்கு வழங்கிய பெயர் ‘பெம்பிளை ஒருமை’. அதில் முதற்சொல் தோட்டத்துப் பேச்சில் புழங்குவது. இரண்டாம் சொல்லை மலையாளத்தின் பொருளில் கேட்டால்தான் ஒற்றுமை என்று விளங்கும். தமிழ் இலக்கணத்தில் அது ஒன்றைக் குறிக்கும் எண். தூய்மைவாதி இரு பக்கமும் சிவப்பு மையால் திருத்தக்கூடிய பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கித்தான் அவர்கள் பேச்சுவார்த்தை மேசைக்குப் போனார்கள். மேலே உழைப்பைக் கொடுத்துக் கீழே கழிக்கப்படுவது எதைப் போன்றது என்று அறிந்தவர்களின் பிள்ளைகள் புஜ்ஜியைப் பற்றிப் பேசும்போது, கால வரிசையையும் முத்திரையையும் மட்டும் பேசும்படி அவர்களைப் பழக்கியது யார்?

இங்கேதான் புன்னகைத்து நகர்ந்த கல்விப்புலத்தின் பொறுப்பு வருகிறது. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அங்கே மணிமேகலையைப் படிக்கும் மாணவரும் இரவில் கைப்பேசியில் கிளைத்தொடர் பார்ப்பவரும் ஒருவரே. பகலில் படித்த நூல் இரவில் பார்த்ததைப் பற்றிப் பேசக் கருவி தரும் என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் உரிமையாளர்களின் சொற்கள் வந்து அமர்கின்றன. ரசிகர் விவாதம் ஆய்வுக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கும் பேராசிரியரும், கிளைத்தொடர் கணக்கில் சேராது என்று ஒதுக்கும் ரசிகரும் ஒரே நாற்காலியில் மாறி மாறி அமர்பவர்கள்.

எனவே வழக்கைத் தள்ளுபடி செய்யவேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும். சேருமா, சேராதா என்று நிறுவனத்திடம் விண்ணப்பிப்பதை ரசிகர்கள் நிறுத்தட்டும். இக்கதை யாருக்காக மீண்டும் சொல்லப்படுகிறது, முன்பு பார்க்காமல் போன எதை யாருக்குக் காட்டுகிறது என்று கேட்கட்டும். இலங்கைப் போரைத் தவறவிட்டவளுக்காக விளக்கேற்றும் மாவட்டத்தில் அக்கேள்வி புதிதன்று. கூத்துமாடத்துப் புலவர்கள் ஆண்டுதோறும் அதற்கு விடை சொல்லிவருகிறார்கள்.